ஊருக்குப் போன பாட்டுக்காரி

என் மாமாவுக்கு ஜப்பானிய மொழி தெரியும் என்று எங்கள் எஸ்டேட்டில் எல்லோரும் நம்பினார்கள். மாமாவும் அதை மறுத்ததில்லை. ஏற்காட்டில் ஏரிக்கு மேலே இருந்த ஒரு ஹோட்டலில் அவர் சூப்பர்வைசர். சேலத்தில் ஏதோ ஒரு தொழிற்சாலைக்கு மெஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர் ஒருவர், கீழே வெயில் தாங்காமல் மனைவியையும் மகனையும் ஒரு சீசன் முழுக்க அந்த ஹோட்டலில் தங்கவைத்திருந்தார். அந்தப் பையனுக்கு மிளகு போடாத ரசம் வைத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுத்து, மாமா அவனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஊருக்குக் கிளம்பும்போது அவன் ஒரு பை நிறைய வீடியோ கேசட்டுகளை மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். தண்ணீர், வலிக்கிறது, இன்னும் வேண்டும் என்று ஒரு கைப்பிடி வார்த்தைகளையும் விட்டுப்போனான். மாமாவின் ஜப்பானிய மொழி அவ்வளவுதான். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் மலையில் எல்லாவற்றிலும் பூஞ்சை படரும். செருப்பில் படரும், பெல்ட்டில் படரும், கண்ணாடி போட்ட சாமி படத்துக்குள்ளும் படரும். ஹோட்டலில் ஓட்டாமல் வைத்திருக்கும் வீடியோ டெக்கிலும் படரும் என்பதால், கூட்டமில்லாத மாதங்களில் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அடுப்புச் சூடு படுகிற இடத்தில் வைத்து, தினமும் கொஞ்ச நேரம் ஓட்டிவைக்கச் சொன்னார் ஹோட்டல் முதலாளி. மாமா வீட்டில் அடுப்பு எரிவதே அபூர்வம். தனியாள். சாப்பாடெல்லாம் தலைச்சோலை போகும் வழியில் இருந்த எங்கள் எஸ்டேட் வீட்டில்தான். ஆகவே டெக்கும் எங்கள் வீட்டுக்கே வந்தது.

அத்தை என்று ஒருத்தி இருந்திருக்கிறாள். மாமா வீட்டுச் சுவரில் கல்யாண போட்டோவில் பார்த்திருக்கிறேன். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள் என்று தெரியும். எப்படி என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எனக்கு அவள் ஒரு போட்டோ, அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில்தான் சித்தியும் சேலத்திலிருந்து வந்திருந்தாள். சித்தி அம்மாவுக்குத் தங்கை. மாமா இருவருக்கும் மூத்தவர். அதற்கு முன்பு இரண்டு முறை உண்டாகி, இரண்டுமே தங்காமல் போயிருந்தது அவளுக்கு. இந்த முறை கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். தாய் இல்லாத பெண்ணுக்கு அக்காள் வீடுதான் தாய் வீடு. எங்கள் கூடத்தில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டு, எதிரில் டிவியை நகர்த்தி வைத்து, சித்தியை ஒரு கண்ணாடிச் சாமானைப் போல வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

டாக்டரம்மா போட்ட சட்டம் ஒன்றுதான். மீதிச் சட்டங்கள் அம்மா போட்டவை. சித்தியின் காதில் கெட்ட சேதி எதுவும் விழக் கூடாது. எழவுக்குப் போய் வந்தவர்கள் வாசலோடு திரும்ப வேண்டும். அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அவர் கொண்டுவரும் செய்தித்தாள் ஆபீசோடு நின்றுபோனது. சித்தியிடம் தினமும் பன் வாங்கித் தின்ற எஸ்டேட் நாய் ஒருநாள் செத்துப்போனது. அப்பா அதை ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் புதைத்தபோது நானும் கூட நின்றேன். திரும்பி வந்ததும் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, சித்தி கேட்டால் அது வாழவந்திக்கு ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லச் சொன்னாள். நாய்க்கு வாழவந்தியில் என்ன வேலை என்று கேட்டேன். முறைப்புத்தான் பதிலாக வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு விஷயம் உண்மையா பொய்யா என்பதில் எனக்கிருந்த கறார் எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸுக்குக்கூடக் கிடையாது.

அந்தக் கேசட்டுகளில் இருந்தது ஒரு கார்ட்டூன் தொடர். அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்துவிட்டேன், அதுபோல ஒன்றைப் பார்த்ததில்லை. தங்கள் உலகத்தை இழந்த ஜனங்கள் ஒரு பெரிய கப்பலில் ஏறி, குடியிருக்க வேறு இடம் தேடி நட்சத்திரங்களுக்கு நடுவே போகிறார்கள். சத்தமே போடாத கறுப்புக் கப்பல்கள் அவர்களைத் துரத்துகின்றன. காவலுக்கு நிற்பவை மலை உயரத்துக்கு இரும்பு மனிதர்கள். அவற்றுக்குப் பெட்ரோல் வேண்டாம், கரண்ட் வேண்டாம். நெஞ்சுக்குள் ஒருத்தர் உட்கார்ந்து பாட வேண்டும். பாடினால் கை தூக்கும், பாட்டு நின்றால் நின்ற இடத்தில் நின்றுவிடும். பாடுகிறவர்களிலேயே கெட்டிக்காரி குட்டை முடி வைத்த ஒரு பெண். அவள் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. பாட்டுக்காரி என்றே வைத்துக்கொண்டோம்.

கலர் டிவிதான், ஆனால் படம் கறுப்பு வெள்ளையாகவே வந்தது. ஜப்பான் கேசட்டும் நம் ஊர் டிவியும் ஒத்துப்போகாது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. "வானத்துக்கு மேல கலரே கெடையாது கண்ணு" என்றார் மாமா. அவர் டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கூத்தில் கட்டியங்காரன் சொல்வது போல ஒவ்வொரு காட்சிக்கும் கதை சொல்லிக்கொண்டே வருவார். கப்பல் கேப்டன் எங்கள் எஸ்டேட் மேனேஜரைப் போலவே பேசுவார். சிப்பாய்கள் "ஏனுங்க கேப்டன், நொம்பப் பேரு வர்றானுங்க" என்று கும்பிட்டபடி சொல்வார்கள். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவ்வளவு சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அம்மா கரண்டியோடு வந்து நிற்பாள்.

பாட்டு வந்தால் மட்டும் மாமா வாயைத் திறக்க மாட்டார். "பாட்டுக்கு அர்த்தங் கேக்கக் கூடாது சாமி. கேட்டா கெட்டுப்போயிரும்." தெரியாது என்பதை இத்தனை கௌரவமாகச் சொன்ன இன்னொரு மனிதரை நான் சந்தித்ததில்லை. அந்தப் பாட்டுகளோ, அர்த்தம் தெரியாமலே எங்களுக்குள் இறங்கிவிட்டன. காப்பிப் பழம் பறிக்க வந்த கிளியூர்ப் பெண்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, மறுநாள் கூடையோடு அதே மெட்டை முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். சித்தி மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு பாடுவாள். ஜப்பானில் யாராவது அதைக் கேட்டிருந்தால் அழுதிருப்பார்கள். எதற்காக என்று சொல்வதற்கில்லை.

கடைசிக் கேசட்டில்தான் சிக்கல் வந்தது. அதில் லேசாகப் பூஞ்சை இருந்தது. மழை வெறித்த ஒருநாள் காப்பி காயப்போடும் களத்தில் ஓரமாக வைத்து மாமா அதைக் காயவைத்தார். மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது சித்தி தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா சத்தத்தை முழுக்கக் குறைத்து, டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் டிவியை அணைத்துவிட்டார். "கேசட்டு இன்னும் காயல" என்றார். அவர் முகம் சரியில்லை. சரியாகக் காயாத கேசட்டுக்கு இவ்வளவு வருத்தமா என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு அந்தக் கேசட் காயவே இல்லை. வெயில் அடித்த நாளிலும் காயவில்லை. சித்திக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏனுங்கண்ணா, எப்பத்தான் காயுமுங்க அது? முடிவு தெரியாம எனக்குத் தூக்கமே புடிக்க மாட்டேங்குது."

"கெட்டுப்போச்சுன்னு சொல்லிப்போடு" என்று அடுக்களையில் அம்மா மாமாவிடம் ரகசியமாகச் சொன்னதை நான் கேட்டேன். "பாதியில உட்டா அது இன்னும் கெட்டதல்லோ" என்றார் மாமா. பாரதக் கதையைக்கூடச் சாவில் நிறுத்தாமல் பட்டாபிஷேகம் வரை வாசித்துத்தான் ஏடு கட்டுவார்கள். மாசமாக இருக்கிற பெண்ணை முடியாத கதையோடு படுக்கவைக்க அவருக்கு மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். வெளியே பனி இறங்கி, ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. மாமா ஸ்டூலில் உட்கார்ந்து கேசட்டைத் தள்ளினார்.

கறுப்புக் கப்பல்கள் நாலாபக்கமும் சூழ்ந்துகொண்டன. இரும்பு மனிதர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பாட்டுக்காரி மட்டும் பாடிக்கொண்டே இருந்தாள். ஜனங்கள் இருந்த பெரிய கப்பல் தப்பித்துப்போகிற வரைக்கும் அவள் பாட வேண்டும். அவள் குரல் கம்மியது, பிசிறியது, திரும்பவும் எழுந்தது. அந்தக் கேசட்டில் இருந்த கோடும் புள்ளியும் அவள் முகத்தின் மேல் மழை போல ஓடின. கப்பல் தாண்டிவிட்டது. அவள் பாட்டு நின்றது. அவளுடைய இரும்பு மனிதன் மெல்ல மண்டியிட்டு, தலை குனிந்து, அப்படியே இருந்தான். கப்பலில் இருந்தவர்கள் எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

"தொண்டை கட்டிக்கிச்சு" என்றார் மாமா. "பாடிப் பாடி அலுத்துப்போயித் தூங்குது."

"அவங்கெல்லாம் எதுக்கு அழுவறாங்க?" என்றேன்.

"சந்தோசத்துல கண்ணு."

எனக்குத் திருப்தியில்லை. படத்தில் இப்போது அவள் உட்காரும் நாற்காலி வந்தது. காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு வெள்ளைப் பூ.

"இப்ப எங்கீங்க மாமா அது?"

"ஊருக்குப் போயிருக்குது."

"வாழவந்திக்குங்களா?"

நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அந்த வீட்டில் யாராவது ஊருக்குப் போனால் வாழவந்திக்குத்தான் போவார்கள் என்று எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அம்மாவின் விரல்கள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளின. கதை சொல்கிற மாமாவின் வாய் முதல்முறையாக அடைத்துக்கொண்டது. அப்போது சித்திதான் பேசினாள்.

"ஏனுங்கண்ணா, அந்தப் புள்ள பொழச்சுக்குச்சுங்களா?"

"பொழைக்காம?" என்றார் மாமா. "பொழச்சுக்குச்சு சாமி."

படத்தில் புதிய உலகம் வந்துவிட்டது. புல்வெளி, ஆறு, ஓடுகிற ஜனங்கள். ஒரு சின்னக் குழந்தை தனியாக நின்று பாட்டுக்காரியின் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடியது. மாமா எழுந்து டிவியின் கண்ணாடியிலேயே விரலை வைத்தார்.

"அதா பாரு. அதோட புள்ள. ரெண்டு பேருமே நல்லா இருக்காங்க."

இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பாட்டுக்காரிக்குக் கல்யாணமே ஆகவில்லை. முதல் கேசட்டிலிருந்து ஒன்று விடாமல் பார்த்தவள் நான். எழுந்து நின்று அதைச் சொன்னேன்.

"நடுவுல ஒரு கேசட்டு காணாமப் போச்சு" என்றார் மாமா. "அதுலதான் கல்யாணம் ஆச்சு."

சித்தி சிரிக்கவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. மாமாவையே பார்த்துக்கொண்டு, "புள்ளையும் நல்லாருக்குதுங்களாண்ணா?" என்று மறுபடியும் கேட்டாள். அவரும் நல்லாருக்குது என்றார். சற்று நேரம் கழித்து அதையே திரும்பவும் கேட்டாள். ஒரு பொய்யை இத்தனை தடவை கேட்டு வாங்கி நம்புகிற பெரிய மனுஷியை நினைத்து எனக்கு எரிச்சலாக வந்தது.

தை பிறந்து சித்தியை ஜீப்பில் உட்காரவைத்து, ஒவ்வொரு வளைவிலும் ஆளை இறக்குவது போல மெதுவாக ஓட்டி, சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா உட்காரவே இல்லையாம். பெண் குழந்தை. முழுசாக, நன்றாக, வீறிட்டு அழுதுகொண்டு பிறந்தது. ஜப்பானியப் பாட்டுத்தான் அவளுக்குத் தாலாட்டு. சீசன் தொடங்கியதும் டெக் ஹோட்டலுக்குத் திரும்பிப் போனது.

இப்போது மாமா இல்லை. போன வருடம் என் மகன் ஏதோ தேடும்போது கம்ப்யூட்டரில் அந்தத் தொடரைக் கண்டுபிடித்தான். கலரில் இருந்தது. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. முதலிலிருந்து ஒன்று விடாமல் பார்த்தேன், கடைசி இரண்டு பகுதிகளை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு. பாட்டுக்காரி செத்துத்தான் போகிறாள். கேசட் எதுவும் காணாமல் போகவில்லை. கல்யாணம் நடக்கவில்லை. அந்தக் குழந்தை யாரோ. பாட்டின் அர்த்தமும் ஓடியது. மாமா சொன்னது சரி, கெட்டுத்தான் போனது. வானத்துக்கு மேலே அத்தனை கலர் இருந்தும் எங்கள் கூடத்தில் பார்த்தது இதைவிட நன்றாக இருந்தது.

அடுத்த முறை சேலம் போனபோது, ஒரு பழைய வழக்கில் ஜெயித்த தோரணையில் சித்தியிடம் சொன்னேன். அவள் மேரக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"செத்துப்போச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியாதா கண்ணு? கண்ணு ரெண்டும் நல்லாத்தான இருந்துச்சு. நாய் போன வாழவந்தியுந் தெரியும்."

"அப்புறம் எதுக்குச் சித்தி திருப்பித் திருப்பிக் கேட்டீங்க, பொழச்சுக்குச்சா, புள்ள நல்லாருக்குதான்னு?"

சித்தி கத்தியைக் கீழே வைத்தாள்.

"உங்க அத்த பிரசவத்துலதான போனா. புள்ளையும் அன்னைக்கே போயிருச்சு. அண்ணன் அதப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல, அழுதுங்கூட நாங்க பாக்கல. பொழச்சுக்குச்சு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கன்னு அன்னைக்குத்தான் அவரு வாயில வந்துச்சு. இன்னொருக்காச் சொல்லட்டுமேன்னு கேட்டேன்."

அந்தக் கூடத்தில் மாமாவின் கதையை நம்பாதவள் நான் ஒருத்திதான் என்று இத்தனை வருடமும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.