வெள்ளிக்கிழமை வெந்த இறைச்சி

என் மாமா பன்னிரண்டு வருடம் ரொறன்ரோவில் ஒரு பாரின் குசினியில் நின்றவர். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்து முறைப்படி இறைச்சியைப் பகல் முழுக்கப் புகையில் வேகவைத்து, பியரோடு பரிமாறும் இடமாம் அது. அதையே சாட்டிக் கடற்கரையில் தொடங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு அவர் வந்து இறங்கியபோது, ஊர்காவற்றுறையில் எங்கள் உறவு முழுக்கச் சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூடப்பிறந்த ஐந்து பேரும் வெளிநாடு போனவர்கள். திரும்பி வந்தது இந்த ஒரு தம்பிதான். சனத்துக்குப் பிடித்தால் கடை, இல்லையென்றால் அடுத்த மாதமே திரும்பிவிடுவேன் என்று மாமா சொல்லியிருந்தார்.

மாசியில் ஒரு வியாழன் விடிய, எங்கள் வளவில் தகரப் பீப்பா ஒன்றை நெடுக்காகப் பிளந்து, புளியம் விறகு மூட்டி, பன்றியின் முன்னந்தொடையை உள்ளே வைத்து மூடினார். பின்னேரம் சாப்பிட வரும்படி அயலெல்லாம் சொல்லியாயிற்று. ஆனால் வாடைக்காற்று பாதிச் சூட்டை வாரிக்கொண்டு போனது. அயல் வந்தது, கதிரைகளில் இருந்தது, கொட்டாவி விட்டது.

"வெட்டிக் கறி வையும் தம்பி, பிள்ளையள் பசியில நிக்குதுகள்" என்றார் பக்கத்து வீட்டு அண்ணை.

"ஏலாது அண்ணை. எலும்பு தானாக் கழலவேணும்."

எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் புட்டுச் சாப்பிட்டார்கள். மாமா பீப்பாவை விட்டு அசையவில்லை. பிடிவாதத்தில் அவரும் அம்மாவும் ஒரே அச்சு.

மறுநாள் காலை எலும்பு கழன்றது. மாமா வீடு வீடாக, படலை படலையாக ஓடிக் கூப்பிட்டார். வந்தவர்கள் வாசனையை நன்றாக இழுத்து மூச்சு விட்டார்கள். ஒருவரும் கை நீட்டவில்லை. தவக்காலத்து வெள்ளி அது. எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் அன்று இறைச்சி அடுப்பேறாது. மாமாவுக்கோ வெள்ளி என்றால் பார் நிரம்பி வழியும் நாள். பன்னிரண்டு வருடத்தில் மற்றது மறந்துபோயிருந்தது.

"நாளைக்குச் சூடாக்கித் தாருமன்" என்றார் அண்ணை, சமாதானமாக.

மாமா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். "விடுங்கோ அண்ணை. நான் திரும்பிப் போறன்."

அம்மா குசினியிலிருந்து வந்து சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். "ஒரு துண்டு தா."

"அக்கா, இண்டைக்கு வெள்ளி."

"எனக்குத் தெரியாதே? தா."

முந்திய வெள்ளி ஒரு துண்டுக் கோழிக்காக என்னை அடித்த அம்மா, அத்தனை பேருக்கும் முன்னால் நின்றபடியே மென்று விழுங்கினார். "நல்லாயிருக்கு. கடையைத் திற" என்றார். அயல் கலைந்து போனது.

எனக்கு ஒன்பது வயது. அம்மா நரகத்துக்குப் போய்விடுவார் என்று நடுங்கிப்போனேன். பின்னேரம் கோயிலில் சிலுவைப்பாதை. அம்மாவைப் பாவத்தில் விழுத்திய மாமாவைக் கெதியில் ரொறன்ரோவுக்கே அனுப்பிவிடும்படி, பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டு ஆண்டவரைக் கெஞ்சினேன். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த அம்மா அதே ஆண்டவரிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.