ஐந்து பெட்டியிலும் அடங்காத கேசட்

முன்னிசை முடிவதற்குள் இருளப்பன் விரலைச் சொடுக்கிவிடுவார். "காதல் தோல்வி. சினிமாப் பெட்டி. அடுத்தது!" பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு வாங்கலாம் என்று வருகிறவர்களுக்கு அவர் கடை சரிப்படாது.

மலாய் நாட்டு மலையூரான ரிங்லெட்டில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, தகரக் கூரைக்குக் கீழே கடை. தேயிலைப் பெட்டிகளின் பலகையைப் பிரித்து அவரே அடித்த ஐந்து பெட்டிகளில் கேசட்டுகள் நிற்கும். சாமி, சினிமா, மலாய், சீனம், வெள்ளைக்காரன். மனுசன் போடுகிற எந்தச் சத்தமும் இந்த ஐந்தைத் தாண்டிப் போகாது என்பது அவர் நம்பிக்கை. கம்பளித் தொப்பியை ஒரு காதுக்கு மட்டும் இழுத்து மாட்டியிருப்பார். ஏன் என்று கேட்டால், "இந்தக் காது குளிருக்கு, அந்தக் காது யாவாரத்துக்குலா" என்பார். சுருண்டுபோன நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றிக்கொண்டே பேசுவார். பேச்சு வேகம் பிடித்தால் பென்சிலும் வேகம் பிடிக்கும்.

எண்பத்து நான்காம் வருட மழைக்காலத்தில் விஜயன் ஒரு கேசட்டைக் கொண்டுவந்து நீட்டினான். தேயிலை ஆலைத் தொழிலாளி. ஓய்வு நேரத்தில் டிரம் அடிப்பவன். மலாய்க்கார ரோஸ்லான் கித்தார், சீனத் தோட்டக்காரர் மகன் ஆ செங் பேஸ் கித்தார். மூவரும் சேர்ந்த குழுவின் பெயர் 'கபுஸ்'. மலாயில் மூடுபனி.

கேசட் ஓடியது. இருளப்பனின் விரல்கள் சொடுக்கத் தயாராக நின்றன. முன்னிசை முடியவில்லை. பாறை உருள்வதுபோல் கித்தார் வந்தது, அதன்மேல் டிரம் இடித்தது, குரல் மட்டும் வரவேயில்லை. கைகள் அப்படியே நின்றன.

"பாடுறவன் எங்கடா?"

"ஆள் வெக்கலாம்னுதான் இருந்தோம்ண்ணே. ரோஸ்லான் மலாய்ல பாடணும்னான். ஆ செங் சீனத்துலன்னான். நான் தமிழ்லன்னேன். ஒரே சண்ட. சரி, யாருமே பாட வேணாம்னு வுட்டுட்டோம். அதுக்கப்புறந்தான் நல்லா வந்திச்சி."

அன்று முதல் கடையில் வாக்குவாதம்தான். பள்ளி ஆசிரியர் நாகரத்தினம், "சந்தேகமே இல்லை, ஹெவி மெட்டல்" என்றார்.

"மெட்டல்னா ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவான்னு நீங்கதானே சார் சொன்னீங்க? இதுல கத்த ஆளே இல்லையே" என்றார் லோரி ஓட்டும் ஆண்டியப்பன். "இது ராக்கு சார்."

"ராக் இவ்வளவு கனமாக இருக்காது."

பக்திப் பாடல் வாங்க வந்த ரஞ்சிதம், கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டுவிட்டு, "நெஞ்சு தடதடங்குது. கருப்பன் எறங்குற நேரத்துல இப்படித்தான் இருக்கும். சாமிப் பெட்டியில போடுங்கண்ணே" என்றாள். இருளப்பன் ஒவ்வொரு பெட்டியிலும் வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டார். கேசட் கல்லாமேல் தனியாகக் கிடந்தது.

விஜயனின் அப்பா ரெங்கசாமிக்கு அதுவே சாக்காகிவிட்டது. அவரும் அதே ஆலையில் கொழுந்து உருட்டும் இயந்திரத்தில் வேலை பார்ப்பவர். மகன் டிரம்மே கதியென்று கிடந்து அடிக்கடி வேலைக்கு மட்டம் போட்டதில் வெந்துபோயிருந்தார். கடைக்கு வந்து நின்றார்.

"இருளப்பண்ணே, உங்களுக்கே பேரு தெரியாத ஒண்ண அடிச்சி இவன் என்னத்த ஆகப்போறான்? கீழ தாப்பா டவுன்ல ஒருத்தன் டிரம்ம வெலைக்குக் கேக்குறான். ஞாயித்துக்கெழம லோரி கொண்டாந்து ஏத்தப்போறேன். நீங்களும் வாங்க. நேர்ல கேட்டு, இது இன்ன பாட்டுன்னு அவன்கிட்ட சொல்லுங்க. சொன்னா வுட்டுர்றேன். இல்லாட்டி ஏத்திருவேன்."

ஞாயிறு பிற்பகல், ரெங்கசாமியும் இருளப்பனும் ஆண்டியப்பனின் லோரியில் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குக்கு இறங்கினார்கள். அடைமழை. வழியெல்லாம் இருளப்பன் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "ராக்குன்னு சொல்லிரலாம்லா. பையன் பொழச்சிப் போவட்டும்." ஆ செங் வீட்டு முட்டைக்கோஸ் கொட்டகையில், அடுக்கிய கூடைகளுக்கு நடுவே மூன்று பேரும் நின்றிருந்தார்கள். மூவர் முகத்திலும் கலவரம்.

ரோஸ்லான் ஒரே ஒரு கம்பியைத் தட்டினான். அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை. தரையிலிருந்து முழங்காலுக்கு ஏறியது. வாளித் தண்ணீர் வளையம் வளையமாக நடுங்கியது. ஆ செங் அதற்குக் கீழே இன்னொரு தளம் போட்டான். விஜயன் இரண்டு கையையும் ஓங்கி இறக்கியபோது, கூரையை உடைத்துவிடும்போல் பெய்துகொண்டிருந்த மழை காணாமல் போயிற்று. இருளப்பனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எதிரே இருக்கிற மலை, தேயிலைச் செடிகளோடும் பனியோடும் எழுந்து நடந்துவருகிறது என்று நினைத்தார். ஓடத் தோன்றவில்லை. இன்னும் கிட்டே வரட்டும் என்றிருந்தது. அழுதோமா என்று கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பாதியில் ரெங்கசாமி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். காதோடு வாய் வைத்துக் கத்தினார்: "என் மெஷினு! என் மெஷினு சுத்துற தாளம்ண்ணே அது! எப்டிப் புடிச்சான்?"

வாசிப்பு நின்றது. மழை திரும்பி வந்தது. விஜயன் குச்சிகளை மடியில் வைத்துவிட்டு, "அண்ணே, சொல்லுங்க. இது என்னா வகை?" என்றான்.

இருளப்பன் வாயைத் திறந்தார். வழியெல்லாம் கொண்டுவந்த வார்த்தை நாக்கில் ஏறவில்லை. ரெங்கசாமி பக்கம் திரும்பி, "தெரியலலா. சத்தியமா எனக்குத் தெரியல" என்றார். "ஆனா டிரம்ம ஏத்தாதீங்க."

ரெங்கசாமி வெளியே போய், லோரியைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்த ஆண்டியப்பனிடம் இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"இன்னொரு தடவ அடிங்கடா" என்றார் இருளப்பன். பிறகு குனிந்து, சேறு அப்பியிருந்த ரப்பர் பூட்ஸுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வாசலுக்கு வெளியே மழையில் வைத்துவிட்டு, சில்லிட்ட சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு உள்ளே வந்து நின்றார்.