பிரான்ஸ் மச்சாளும் குதிரை தாங்காத வைக்கிங்கும்

எங்கள் வீட்டில் சொந்தக்காரரை நாட்டின் பேரோடுதான் சொல்லுவோம். கனடாச் சித்தி, சுவிஸ் பெரியப்பா, பிரான்ஸ் மாமா. ஆகவே பிரான்ஸ் மாமா பிரெஞ்சுக்காரர் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அவர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பிறந்தவர் என்பது வேறு கதை.

ஒரு கோடை விடுமுறைக்கு மாமாவும் மகளும் பாரிசிலிருந்து நோர்வேக்கு, நாங்கள் இருந்த ஒஸ்லோவுக்கு வருவதாக இருந்தது. எங்கள் மாடிக்கட்டட முற்றத்தில் பந்தடிக்கும் பொடியன்களிடம், "எங்கள் வீட்டுக்கு ஒரு பிரெஞ்சுக்காரி வரப்போகிறாள்" என்று அளந்துவிட்டேன். கீழ்வீட்டு நோர்வேப் பொடியன் அவர்கள் வந்த அன்றைக்குத் தண்ணீர் தொட்டுத் தலைகூட வாரியிருந்தான்.

மாமாவின் மகள், என் மச்சாள், காரிலிருந்து இறங்கினாள். என்னைவிடக் கறுப்பு. எண்ணெய் வைத்த இரட்டைப் பின்னல்.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"புளுகன்! பொய் என்று ஒத்துக்கொள். இல்லையென்றால் இனி உனக்குப் பந்து இல்லை."

கோடை முழுக்கப் பந்தில்லாமல் என்ன செய்வது? எனக்கு அழுகை முட்டியது. மச்சாள் என்னைவிட மூன்று வயது மூப்பு. என்ன நடக்குது என்று கேட்டாள், சொன்னேன். அவளுக்கு நோர்வே மொழி தெரியாது, அவனுக்குப் பிரெஞ்சு தெரியாது. தான் பிரெஞ்சுக்காரி என்று அவள் தமிழில் சண்டைபிடிக்க, நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

"என்ரை வகுப்பிலை ஒருத்தியின்ரை அப்பப்பா போலந்து, இன்னொருத்தன்ரை அம்மா அல்ஜீரியா. எல்லாரும் பிரெஞ்சுதான். பிராங்க் எண்ட சனம் ஜெர்மனிப் பக்கமிருந்து வந்ததாலைதான் நாட்டுக்கே அந்தப் பேர். சொல்லடா இவனுக்கு!"

சொன்னேன். அவன் அசையவில்லை.

"பிரான்சிலை நோர்மண்டிப் பக்கம் ஆர் போய்க் குடியிருந்தது? உங்கடை வைக்கிங்!"

அதைச் சொன்னதும் அவன் துள்ளினான். எந்தக் குதிரையும் தாங்காத உடம்போடு எங்கும் நடந்தே திரிந்த ஒரு வைக்கிங்கின், அந்தக் காலத்து நோர்வேக் கடல்வீரனின், கதை அவனுக்கு உயிர். "ஓம், அவன் அங்கே போய்ப் பெரிய பிரபு ஆனவன்!"

"அவன் வாளோடை போய்ப் பிரெஞ்சுக்காரன் ஆகலாம், என்ரை அப்பா சூட்கேசோடை போய் ஆகேலாதோ?"

அவன் யோசித்தான். "அது ஆயிரம் வருசத்துக்கு முந்தி."

"அப்ப ஆயிரம் வருசம் என்னை வாசலிலை நிக்கட்டாமோ?"

அவன் சிரித்துவிட்டான். பந்தைக் காலால் அவள் பக்கம் உருட்டினான். மேலே பல்கனியிலிருந்து அம்மா கத்தினா: "பிள்ளையள், இடியப்பம் ஆறுது!" ஒருவரும் போகவில்லை.

கதை கேட்கும் பிள்ளைகளே, ஒன்று சொல்ல வேண்டும். "உங்கடை வைக்கிங்" என்றபோது மச்சாளின் கை அவனை மட்டும் காட்டவில்லை, பக்கத்தில் நின்ற என்னையும் சேர்த்துத்தான் காட்டியது. நான் இதே ஒஸ்லோவில் பிறந்தவன். ஆனால் அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை; பாரிசில் வளர்ந்தவள், பாவம், ஒருமை பன்மை தெரியாமல் கதைக்கிறாள் என்று நினைத்தேன். அவனிடம் "உன்ரை வைக்கிங்" என்று திருத்திச் சொன்னேன்.