ஒரு பொன்னாடையும் நாலு தொண்டையும்

எங்கள் பாட்டுக் குழுவின் பெயரை வைத்துக்கொண்டு இப்போது ஒருத்தன் தனியாகப் பாடித் திரிகிறான். குழுவாம்! டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்த நாங்கள் நான்கு பேர் சேர்த்த குழு அது. வாத்தியம் கிடையாது. ஆதிகால ராக் அண்ட் ரோல் பாட்டுகளை நாலு குரலில் பாடுவோம். சொற்களைப் பாடும் முன்குரல் எங்களில் இளையவனான அந்த ஒருத்தனுக்கு. குரலைவிடத் தலைமயிரில்தான் அவனுக்குக் கவனம். இருவர் நடுக்குரல், அடிக்குரல் நான். 'டும் டும்' என்று நான் தொடங்காவிட்டால் பாட்டே கிளம்பாது.

முதியோர் இல்லங்களில் டெனிஷ் கிழவிகள் என் குரல் வரும் இடத்துக்காகக் காத்திருந்து நடைவண்டியில் தாளம் போடுவார்கள். வீட்டிலோ மனைவி, "என்னப்பா, உறுமப் போறியளோ?" என்பாள். அவள் ஒருநாளாவது எங்களை மேடையில் கேட்க வேண்டும், நான் பாடுகிறவன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒரு ஆசைதான் எனக்கு.

புரொண்பி என்ற ஊரில் நம் தமிழரின் ஆண்டு விழாவுக்கு எங்களைப் பாட அழைத்தார்கள். அவளும் வந்தாள். பொன்னாடை போர்த்தாவிட்டால் நம் சனத்துக்குச் சோறு செமிக்காதே! பாட்டுக்கு முன்பே கௌரவிப்பு. வந்தது ஒரே ஒரு பொன்னாடை. சொற்களைப் பாடுகிறவன்தான் பாடகனாம், மற்ற மூவரும் மேடைத் தூண்களாக்கும். அந்த வெட்கங்கெட்டவன் கூசாமல் கழுத்தை நீட்டினான். "எனக்குத் துணையா நிண்ட அண்ணைமாருக்கும் நன்றி" என்று மைக்கில் வேறு சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாட்டைத் தொடங்கும்படி கைகாட்டினான். நான் வாயைத் திறக்கவில்லை. மற்ற இருவரும் என்னைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றார்கள்.

கிட்ட வந்து, "அண்ணை, தொடங்குங்கோ. சனம் பாக்குது" என்று கிசுகிசுத்தான்.

"பாடகர் நீர்தானே, பாடும்" என்றேன்.

நாறப்போகிறான் என்று காத்திருந்தேன். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கமாக முழுப் பாட்டையும் தனியே பாடி முடித்தான். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. சுரணை கெட்ட சனம்! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மனைவியும் கைதட்டிக்கொண்டுதான் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லகாலமப்பா, நீங்கள் உறுமேல்லை," என்றாள். "பாட்டு வடிவா விளங்கினது."