ஒரு கடகம் மண்

எரித்த காட்டின் மணம் மழை பெய்தால்தான் எழும்பும். ஈரச் சாம்பலும் கருகிய பாலை மரப்பட்டையும் கலந்த அந்த மணம், யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றக் காணிக்கு நாங்கள் வந்த முதல் மாரி முழுக்க எங்கள் சோற்றில்கூட இருந்தது. காட்டை வெட்டி எரித்தாலும் அடிக்கட்டைகள் மண்ணுக்குள் அப்படியே கிடந்தன. பெரியவர்கள் விடிந்தால் வயலில் நின்றார்கள். ஆகவே குடிசை இருந்த "மேட்டுக்காணி"யில் கட்டை கிளப்புவது பிள்ளைகளின் பாடாகியது.

இதை வாசிக்கும் பிள்ளைகளே, எனக்கு அப்போது பதினொரு வயது. வேலிக்கு அப்பால் அடுத்த வளவில் இருந்த செல்வமணிக்குப் பத்து. அவள் பள்ளிக்கூடம் போகமுன் நாள்தோறும், "அலவாங்கு" என்று நாங்கள் சொல்லும் இரும்புப் பாரையால் கட்டையைச் சுற்றிக் குத்தி, பனையோலைக் "கடகம்" நிறைய மண் அள்ளிக் கொட்டுவாள். ஒரு கடகம்தான், இரண்டாவது இல்லை. வேலிக்கு மேலால் அதைப் பார்த்துவிட்டு, நாங்கள் ஐயா என்று கூப்பிடும் என் அப்பா, "அதெல்லோ பிள்ளை" என்பார். என்னைப் பார்த்து அவர் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அவளல்லவோ பிள்ளை என்று மெச்சும் அந்த இரண்டு சொல்லுக்காக எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு சனிக்கிழமை அவளை ஒரே நாளில் முந்திவிட நினைத்துப் பொழுதுபடும்வரை எங்கள் கட்டையடியைக் கிண்டினேன். உள்ளங்கை கொப்பளித்து ஒரு கிழமை சோறு பிசையவும் முடியவில்லை. அதற்குள் மழை பெய்து குழியில் பாதியைத் தூர்த்துவிட்டது. அவளுடைய குழியிலோ வேர்கள் தெரியத் தொடங்கின. ஒரு பின்னேரம் செல்வமணி வீட்டார் கடைக்குப் போன நேரம் பார்த்து வேலியால் நுழைந்தேன். அவள் அத்தனை நாள் குவித்த மண்ணை எல்லாம் திரும்பக் குழிக்குள் தள்ளி மிதித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிய அவள் வந்து குழியைப் பார்த்தாள். அழவில்லை. வேலியடியில் நின்ற ஐயாவிடம் சொன்னாள்:

"மாமா, எங்கட வளவுக்கு வந்த பன்றி நல்ல பன்றி. மண்ணைக் கிண்டாமல் மூடிப்போட்டெல்லோ போயிருக்கு."

ஐயா என் காற்சட்டையில் காய்ந்திருந்த மண்ணைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. நாளைக்கு விடிய அந்தப் பன்றியை எங்கட கட்டையடியில கட்டிவிடுறன்."

ஐயா என்னை அடிக்கவில்லை. அவள் கடகத்தை எடுத்து முதலிலிருந்து தொடங்கினாள். அடுத்த நாள் நானும் தொடங்கினேன், ஒரு கடகம். முதல் பத்து நாளும் அது தண்டனையாக இருந்தது. பிறகு மண் அள்ளாத காலையில் தேத்தண்ணி ருசிக்கவில்லை. மழை அரைக் கடகத்தைத் திருப்பிக் கொட்டினாலும் அரைக் கடகம் எனக்கு மிஞ்சும் என்று கண்டுகொண்டேன்.

தை மாதம் கட்டை சரிந்தது. வயலால் வந்த ஐயா குழிக்குள் இறங்கி வேரை அசைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த வளவுக்கும் கேட்கத்தக்கதாக, "அதெல்லோ பிள்ளை" என்றார். நான் சிரிக்கமுன் என் கண் வேலிக்கு அப்பால் போய்விட்டது. செல்வமணி தன் கட்டையை எட்டு நாளுக்கு முதலே கிளப்பி, அடுத்ததில் நின்றாள்.

இன்று அங்கே கட்டைகள் இல்லை; ஓட்டு வீடுகளும் தென்னைகளும்தான். ஐயாவும் இல்லை. செல்வமணி கனகராயன்குளத்தில் தன் பிள்ளைகளோடு இருக்கிறா. நான் தூர்த்த மண்ணையும் சேர்த்து அள்ளி அவா என்னை முந்தியதை முழு மனதோடு புகழ இன்னும் எனக்கு வரவில்லை. நடந்ததை மட்டும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். இன்றைக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான்.