நடுவயலில் நின்ற ரயிலும் நாலு கையெழுத்தும்

1991 ஆடி மாதத்துச் சனிக்கிழமையொன்றில், காலை எட்டுப் பத்துக்கு டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் நகரிலிருந்து புறப்பட்டோம். வண்டியில் நானும் மனைவி சரோவும். பின்சீட்டில் மூன்றாவது ஆளாக ஒரு பெரிய பார்சல்: உறைப்பாக உருளைக்கிழங்கு அடைத்துப் பொரித்த நாற்பது ரோல்ஸ், துணியில் சுற்றி, சூடு போகாமல் அதன்மேல் என்னுடைய குளிர்ச்சட்டை வேறு. முதல் நாள் மாலையும் அன்று விடியவும் அவள் அடுப்படியில்தான். ரயில் பார்க்கப் போகிறோமா, கலியாணவீட்டுக்குப் போகிறோமா என்று கேட்டேன்.

"வெறுங்கையோட ஒரு இடத்துக்கும் போகேலாது."

"அது ஸ்டேசனப்பா, வீடில்லை."

"ஸ்டேசனிலயும் சாப்பிடுற ஆக்கள்தானே நிக்கினம்."

இதற்கு மேல் கதைத்தால் எனக்கு ரோல்ஸ் கிடைக்காது.

எங்களை அழைத்தவர் தவம். மட்டக்களப்புக்காரர். கிழமை நாட்களில் ஹேர்னிங்கில் ஒரு துணி ஆலையில் வேலை. சனி ஞாயிறில் விபோர்க்குக்கு அப்பால் ஓடுகிற ஒரு பழைய நீராவி ரயிலுக்கு அவர்தான் கார்ட். சம்பளம் ஒரு சதமும் இல்லை. அந்த ரயிலை நடத்துகிறவர்கள் எல்லோருமே சும்மா வந்து வேலை செய்கிறவர்கள். இயந்திரம் ஓட்டுகிறவர் பள்ளிக்கூட வாத்தியார். ஸ்டேசன் மாஸ்டர், கியேல் என்ற பெரியவர், ஓய்வுபெற்ற தபாற்காரர். அரசாங்கம் கைவிட்ட பதின்மூன்று கிலோமீற்றர் பாதையை இவர்கள் கேட்டு வாங்கி, புல்லுப் பிடுங்கி, பெட்டிகளுக்கு மரவேலை செய்து ஓட விட்டிருக்கிறார்கள்.

தவம் இதற்குள் வந்தது ஐந்து வருடத்துக்கு முன். அகதி முகாமில் வேலை செய்ய அனுமதி இல்லாத மாதங்கள். முகாமுக்குப் பின்னால்தான் தண்டவாளம். ஒருநாள் போய், கையால் சாடை காட்டி, ஒரு பெட்டிக்கு வர்ணம் பூசித் தரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குப் பிடித்த தூரிகையை இன்னும் அவர் கீழே வைக்கவில்லை. இந்த வசந்தத்தில்தான் டெனிஷ் மொழியிலேயே பரீட்சை எழுதி கார்ட் தொப்பியைத் தலையில் வைத்தார். போன கிழமை தொலைபேசியில் அவருக்கு மூச்சு விட நேரமில்லை. "அண்ணன், விருதுக்காரர் வாறாங்க. என்ர ரயில்லதான் ஏறப் போறாங்க. கட்டாயம் வாங்க."

ஒன்பது மணிக்கு முன்பே ஹேர்னிங்கைக் கடந்தோம். விபோர்க்கில் பெற்றோல் அடித்தோம். அதற்குப் பிறகு பார்லி வயல்களும், இடையிடையே வெள்ளைச் சுவர்த் தேவாலயங்களும்தான். பத்தேகாலுக்கு ஸ்டேசன் வாசலில் காரை நிறுத்தியபோது மீற்றர் நூற்றுப் பதினெட்டுக் கிலோமீற்றரைக் காட்டியது.

காலை 10.15

சிவப்புச் செங்கல் கட்டடம். ஜன்னலெல்லாம் பூச்சட்டி. வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு பித்தளைத் தகடுகள் பதித்திருந்தார்கள். ஒன்று கட்டடத்தைப் பழையபடி எடுத்து நிறுத்தியதற்கு நகரசபை கொடுத்தது. மற்றது பெட்டிகளின் மரவேலைக்குக் கிடைத்தது. கியேல் அவற்றைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டு நின்றார். இன்றைக்கு வருகிறவர்கள் நாடு முழுவதிலும் உள்ள இப்படியான ரயில் சங்கங்கள் சேர்ந்து கொடுக்கும் விருதுக்காக வருகிறார்கள் என்றும், அது இதுவரை இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை என்றும் தவம் முன்பே சொல்லியிருந்தார். பயமா என்று கியேலிடம் கேட்டேன். பனிக்கட்டிமேல் பசு இல்லை என்றார். அவசரமும் இல்லை, ஆபத்தும் இல்லை என்பதற்கு இங்கே அப்படிச் சொல்வார்கள். சொல்லிவிட்டு, துடைத்த தகட்டையே மறுபடி துடைத்தார்.

போய்வர ஆளுக்கு ஐம்பது குரோணர். கோப்பி எட்டு குரோணர். டிக்கட் என்பது தடித்த சின்ன அட்டை. டிக்கட் ஜன்னலடியில் ஒரு பழைய இயந்திரம் அதில் திகதியை டக்கென்று குத்தித் தருகிறது. சரோ அதை இரண்டு தரம் குத்தச் சொல்லிக் கேட்டாள்.

பிறகு ரயில் இயந்திரம் கொட்டகையிலிருந்து வந்தது. என்னத்தைச் சொல்ல. கறுப்பு யானை ஒன்று மூச்சு விட்டுக்கொண்டு தானாக நடந்து வந்து எங்களுக்கு முன்னால் நிற்கிற மாதிரி. நிலம் அதிர்ந்தது, நெஞ்சும் அதிர்ந்தது. நிலக்கரிப் புகை மூக்கில் ஏற, ஐம்பது வயதுக்காரன் நான் மேடையின் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் ஓடினேன்.

தவம் நீலச் சட்டை, பித்தளைப் பொத்தான், தொப்பியோடு வந்தார். மாப்பிள்ளைக்கோலம்தான். புறப்படும்போது தன்னுடைய கார்ட் அறையிலேயே எங்களை ஏறச் சொல்லி, கதவைத் திறந்து காட்டினார். கடைசிப் பெட்டியின் பின்பக்கத்துச் சின்ன அறை, உட்கார ஒரு வாங்கு, ஒரு கைப்பிரேக், சுவரில் ஒரு கொளுக்கி. அந்தக் கொளுக்கி எதற்கென்று கேட்டேன். அப்போதுதான் கோலின் கதை தெரிந்தது.

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. அதற்காகத் தலையில் பித்தளைப் பூணிட்ட ஒரு முழ நீள மரக்கோல் ஒன்றே ஒன்று வைத்திருக்கிறார்கள். கோல் எந்த வண்டியில் இருக்கிறதோ அந்த வண்டிக்குத்தான் பாதை. ஸ்டேசன் மாஸ்டர் அதைக் கார்டிடம் கொடுப்பார். கார்ட் ஓட்டுநருக்குக் காட்டிவிட்டுத் தன் அறையில் அந்தக் கொளுக்கியில் மாட்டவேண்டும். மறுகா, அதாவது பிறகு, விசில். "கோல் இல்லாட்டி ரயில் இல்ல அண்ணன்," என்றார் தவம்.

காலை 11.00

விருதுக்குழுவிலிருந்து ஒரு பெண்மணியும் ஒரு ஆணும் வந்து இரண்டாவது பெட்டியில் ஏறினார்கள். பெண்மணியின் பெயர் பிர்கிட். வெள்ளைத் தலைமயிர், மடியில் ஒரு குறிப்புப் புத்தகம். கியேல் கோலைத் தவத்திடம் கொடுத்தார். தவம் இயந்திரத்தடிக்கு நடந்து போய் ஓட்டுநருக்கு உயர்த்திக் காட்டினார். ஓட்டுநர் தலையாட்டினார். தவம் கோலோடு எங்கள் பக்கம் திரும்பி வந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சரோவுக்குக் கையில் இருந்த பார்சல் நினைவுக்கு வந்தது. ஏறுகிற அவதியில் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல், மேடையில் நின்ற தவத்திடம் நீட்டினாள். "இந்தாங்கோ தம்பி, உங்கட ஆக்களுக்கு."

மூத்தவள் ஒருத்தி சாப்பாடு நீட்டினால் ஒரு கையால் வாங்குகிற பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. தவம் கோலை மேடை வாங்கில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பார்சலை வாங்கினார். வாங்கி உள்ளே வைத்தார், எங்களை ஏற்றினார், தானும் ஏறினார், விசில் ஊதினார். கியேல் பச்சைக் கொடியை அசைத்தார். ரயில் ஊவென்று ஊதிப் புறப்பட்டது.

முதல் பத்து நிமிடம் சொர்க்கம். ஜன்னலுக்கு வெளியே புகை சுருண்டு சுருண்டு வயலுக்குள் விழுந்தது. மாடுகள் ஓடின. பண்ணைவீட்டுச் சனங்கள் வாசலுக்கு வந்து கை காட்டினார்கள். சரோ அரசி மாதிரிக் கை அசைத்தாள்.

தவம் எதற்கோ கொளுக்கிப் பக்கம் திரும்பினார். கொளுக்கி வெறுமையாக இருந்தது.

அந்த முகத்தை எப்படி எழுதுவது. அவர் தன்னுடைய இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பார்சலைப் பார்த்தார். எங்களுக்கும் விளங்கிவிட்டது.

நான் சொன்னதை இங்கே மறைக்கமாட்டேன். இன்றைக்கு ஓடுவது இந்த ஒரு ரயில்தானே, எதிரில் என்ன வரப்போகிறது, போய்த் திரும்பி வந்து வாங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஆருக்குத் தெரியும் என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அவர் தொப்பி போய்விடுமே என்ற பயம். தவத்தின் பயம் அதைவிடப் பெரியது.

"நான் வெளிநாட்டான் அண்ணன். இந்தத் தொப்பியத் தாறதுக்கே ரெண்டு கூட்டம் வச்சவங்க. இண்டைக்கு விருது போனா, அந்தத் தமிழனாலதான் போச்சு எண்டுதான் சொல்லுவாங்க. எனக்குப் பின்னால வாற ஒருத்தனையும் சேக்க மாட்டாங்க."

சரோ வாய் திறந்தாள். "அப்ப முழுப் பூசணிக்காயையும் சோத்துக்க மறைக்கப் போறியளோ?"

தவம் கைப்பிரேக்கை இழுத்தார்.

காலை 11.14

ரயில் கிறீச்சிட்டு நடுவயலில் நின்றது. இரண்டு பக்கமும் பார்லி. தவம் முதலில் இயந்திரத்தடிக்கு ஓடிப்போய் ஓட்டுநரிடம் சொன்னார். பிறகு பெட்டி பெட்டியாக ஏறி, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பயணிகளுக்கும் சொன்னார்: கோலை மறந்துவிட்டேன், பிழை என்னுடையது, அது வந்து சேரும்வரை முன்னேயும் போகமுடியாது பின்னேயும் போகமுடியாது. இரண்டாவது பெட்டியிலும் அதே வசனத்தைத்தான் சொன்னார், ஒரு சொல் குறைக்காமல். நான் பின்னால் நின்று பார்த்தேன். பிர்கிட் மணிக்கூட்டைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டார்.

சரோவால் சும்மா இருக்க முடியவில்லை. பார்சலை அவிழ்த்தாள். முதலில் ஒருவரும் அசையவில்லை. ஒரு விவசாயி ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, இன்னொன்று கேட்டார். அதோடு மூன்று பெட்டியும் கலகலத்தது. பிர்கிட் மட்டும் புன்னகையோடு மறுத்தார். வேலை முடியும்வரை கோப்பிகூடக் குடிப்பதில்லையாம்.

பதினொன்று நாற்பதுக்கு வயல்வரம்பில் ஒரு சைக்கிள் தெரிந்தது. கியேல். எழுபது வயது. மேடை வாங்கில் கிடந்த கோலைக் கண்டு, அதைச் சைக்கிள் கைப்பிடியில் குறுக்காகக் கட்டிக்கொண்டு மிதித்து வந்தார். பயணிகள் ஜன்னலெல்லாம் திறந்து கைதட்டினார்கள். மனிதர் வியர்வையோடு இறங்கி, கோலை அவிழ்த்து, ஸ்டேசனில் கொடுத்த அதே முறைப்படி நேராக நின்று தவத்திடம் கொடுத்தார். தவம் அதைக் கொளுக்கியில் மாட்டினார். ரயில் ஊதியது.

பிற்பகல் 1.25

திரும்பி வந்து இறங்கியதும் தவம் நேரே ஸ்டேசன் அறைக்குள் போய்த் தொப்பியை மேசையில் வைத்தார். கியேல் அதைத் தொடவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துத் தொப்பிக்குப் பக்கத்தில் விரித்தார்.

அது அவர்களுடைய பிழைப் புத்தகம். இங்கே ஒரு வழக்கம்: பிழை விட்டவர்தான் தன் கையால் அதை எழுதவேண்டும். ஒருவரைப்பற்றி மற்றவர் எழுதக்கூடாது. எழுதியவர் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. முதல் பக்கத்தில் கியேலுடைய பிழையே இருந்தது. தண்ணீர்க் குழாயைக் கழற்றாமல் இயந்திரத்தை அனுப்பி, மேடையில் நின்ற பாதிரியாரைக் குளிப்பாட்டியிருக்கிறார்.

தவம் எழுதினார். நாலு வரி. பேனாவை வைத்ததும் கியேல் எடுத்தார். தவத்தின் கையில் கோல் இருக்கிறதா என்று பார்க்காமல் கொடி அசைத்தேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். கரிபடிந்த கையோடு ஓட்டுநர் வந்தார். கோலைப் பார்த்தேன், மாட்டியாயிற்றா என்று கேட்கவில்லை என்று அவரும் எழுதினார்.

சரோ எட்டிப் பார்த்தாள். என்ன எழுதுகிறார்கள் என்று கேட்டாள். நான் சொன்னேன். "அப்ப என்னை விட்டிட்டு எழுதுறதோ? பார்சல் குடுத்தது நானெல்லே." எனக்கும் கியேலுக்கும் நடுவில் புகுந்து பேனாவை வாங்கினாள். அவளுக்கு டெனிஷ் எழுத இன்னும் வராது. தமிழில் எழுதினாள்: கோல் பிடித்த கையிலே பார்சலைக் கொடுத்தது நான். சரோஜினி.

ஆருக்குத் தெரியும் என்று கேட்டவனுக்கு மட்டும் அந்தப் பக்கத்தில் இடமில்லாமல் போயிற்று. நான் பேனாவைக் கேட்கவுமில்லை.

அதுவரை கதவடியில் நின்ற பிர்கிட் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, மூலையில் உட்கார்ந்து வாசித்தார். ஒரு பக்கம் இரண்டு பக்கமல்ல, அரைமணி நேரம். நடுவில் இரண்டு தரம் சத்தமாகச் சிரித்தார். கடைசிப் பக்கத்துத் தமிழ் வரியில் விரலை வைத்து இது என்னவென்று கேட்டார். தவம் மொழிபெயர்த்தார். அவர் அதைக் குறித்துக்கொண்டு, புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கியேல் மணிக்கூட்டைக் காட்டினார். "மூன்று மணி ரயிலுக்குக் கார்ட் வேண்டும்," என்றார். தவம் தொப்பியை எடுத்தார்.

மாலை 4.30

திரும்பும் வழியெல்லாம் எனக்கு அந்தப் புத்தகம்தான் மனதில் ஓடியது. சரோவை இந்த நாட்டுக்கு எடுக்க நான் கொடுத்த விண்ணப்பம், எங்கள் ஆட்கள் எத்தனையோ பேருடைய விண்ணப்பங்களோடு, அமைச்சில் நிறுத்தி வைக்கப்பட்டுக் கிடந்தது. அவள் கொழும்பில் அறை எடுத்துத் தங்கி இரண்டு வருடம் காத்திருந்தாள். நிறுத்தி வைக்கச் சொன்னது ஆர், தெரிந்திருந்தது ஆருக்கு என்று அமைச்சரையும் அதிகாரிகளையும் ஒரு விசாரணை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. பத்திரிகையில் நாளும் பக்கம் பக்கமாக வருகிறது. அதே நாட்டில்தான் ஒரு மறதிக்கு நாலு பேர் பேனாவுக்குப் போட்டி போட்டதையும் பார்த்துவிட்டு வருகிறேன். எங்கள் ஊர்ச் சங்கங்களைப்பற்றிச் சொல்ல எனக்கும் வாயில்லை. ஒன்றுகூடல் என்றால் ஆளுக்கொரு பொன்னாடை போடுவோம். பிழைக்கென்று ஒரு கொப்பி வைத்ததில்லை.

மூன்று கிழமை கழித்துத் தவத்தின் தொலைபேசி. முதலிடம் வேறொரு பாதைக்குப் போய்விட்டதாம். நேரம் தவறாமல் ஓடியவர்களுக்கு. ஆனால் பாதுகாப்பாக ரயில் நடத்துவதற்கான விருது இவர்களுக்கு. அதை மேடையேறி வாங்கத் தவத்தைத்தான் அனுப்பப் போகிறார்களாம். இன்னும் இரண்டு தமிழ்ப் பொடியள் சேர விரும்புகிறார்கள் என்று சொன்னபோது கியேல் உடனே பெயரைக் கேட்டாராம்.

விருதுக் கடிதத்தின் பிரதி ஒன்று தபாலில் வந்தது. நான் டெனிஷில் வாசித்து வாசித்துச் சரோவுக்குச் சொன்னேன். யாரும் பார்க்காத ஒரு பிழைக்காக நின்ற ரயில் என்று எழுதியிருந்தார்கள். பிழையை ஏற்று எழுதியவர்கள் என்று நாலு பெயர். நாலாவது சரோஜினி.

அவள் கடிதத்தை வாங்கித் தன் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தாள். அறைக்குள் போய், விசாவுக்கும் வதிவிட அனுமதிக்கும் வந்த கடிதங்களை அடுக்கி வைத்திருக்கிற கோப்பை எடுத்து, அதற்குள் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

"இந்த நாட்டுக்காரர் என்னைக் காக்க வைக்காமல் அனுப்பின முதல் கடிதம்," என்றாள்.