ஒரே பேரில் இரண்டு பேர்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவள் சுகாசினி. யாளி, மயில், கோபுரம் என்று எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, தறிக்கு ஏற்றபடி கொடுத்துவிடுவாள். போன வருஷம் ஒரு கண்காட்சியில் பரிசுகூட வாங்கியிருந்தாள்.

ஆடி முடிந்து கல்யாண ஆர்டர்கள் வரும் நேரம். பேசி முடித்த சென்னை வாடிக்கையாளர் ஒருவர் திடீரென்று பின்வாங்கினார். "உங்க பேரை நெட்ல தேடிப் பார்த்தேங்க. வேணாம், விட்டுடுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

சுகாசினியும் தேடினாள். முதலில் வந்தது அவளுடைய படம். அதன் கீழே, 'போலிப் பட்டு விற்றதாகக் கைதானவர்.'

கணவன் தேவேந்திரன் கொதித்தான். "எவனோ வேணும்னே எழுதிக்கினு இருக்கான்!"

"இருங்க. எழுதனது யாருன்னு மொதல்ல பாக்கலாம்."

பயத்தைவிட அந்தக் கேள்விதான் அவளைப் பிடித்துக்கொண்டது. தேடுபொறி நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினாள். இணையத்தில் இருப்பதைத்தான் காட்டுகிறோம், செய்தி போட்டவர்களைக் கேளுங்கள் என்று பதில் வந்தது. செய்தித் தளத்தைக் கேட்டாள். "அது ஆரணி சுகாசினிங்க. உங்க படத்தை நாங்க போடவே இல்லையே" என்றார்கள். உண்மைதான். படம் அவளுடைய சொந்தப் பக்கத்தில் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டது தேடுபொறிதான்.

அப்படியானால் ஆரணிக்காரிக்கு என்ன ஒட்டியிருக்கும்? எண்ணைத் தேடிப்பிடித்து அழைத்தாள்.

"நீதானாம்மா அது!" மறுமுனையில் சிரிப்பு. "நான் ஏதோ பரிசு வாங்கனதா போட்டிருக்குது. எங்க சொந்தக்காரங்க வாழ்த்துகூட சொன்னாங்க. ஆனா அந்தக் கேஸ்ல என்னை எப்பவோ விட்டுட்டாங்க, அதை மட்டும் காட்ட மாட்டேங்குது."

கோபப்படுவதற்கு அங்கே ஆளே இல்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கலாமாக்கா?" என்றாள் சுகாசினி.

சின்ன காஞ்சிபுரத்து வக்கீல் சூடாமணி இருவருக்குமாகத் தேடுபொறி நிறுவனத்துக்கு ஒரே நோட்டீஸ் தயாரித்தார். "இருக்கறதைக் காட்டறாங்க, சரி. ரெண்டு பேரை ஒட்டனது யாரு?" என்று சுகாசினி கேட்டதையே அதில் முதல் கேள்வியாக வைத்தார்.

சில வாரங்களில் படமும் செய்தியும் பிரிந்தன. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட வரவில்லை. சென்னை வாடிக்கையாளரும் திரும்பவில்லை. ஆரணிக்காரியின் விடுதலைச் செய்தி தேடல் முடிவுகளின் மூன்றாம் பக்கத்தில்தான் கிடந்தது. அதற்காக இன்னொரு புகார் எழுத இருவரும் பேசிக்கொண்டார்கள்.

"அதான் சரியாயிடுச்சே, இன்னும் என்னத்தைத் தேடிக்கினு இருக்கே?" என்று கேட்டான் தேவேந்திரன்.

"உங்க பேர்ல எத்தினி பேரு இருக்காங்கன்னு பாக்கறேன்."

அவனும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.